மூன்றாம் எண் குப்பி

அத்தியாயம் 11

கிருஷ்ணவேணி பேசிக்கொண்டிருக்கும்போதே போனைப் பட்டென்று துண்டித்து ஒன்பது நாளாகிவிட்டது. தங்கை கலைப்பிரியா அதற்குப் பிறகு நாலு தடவை கூப்பிட்டாள். கிருஷ்ணவேணி எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை கலை கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கல்யாண நாள் குறிக்கிற அன்றைக்குத் தானும் அண்ணன் வீட்டுக்கு வருவதாக வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி அனுப்பினாள்.

வந்தால் வரட்டும் என்றுதான் கிருஷ்ணவேணி கிளம்பினாள். விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் வண்டியில் ஜன்னலோரம் பிடித்தாயிற்று. பக்கத்தில் மகள் பானுப்ரியா, முன் சீட்டில் கணவர் ராஜாமணி. மடியில் கூடை. கூடையில் பூ, பழம், வெற்றிலை பாக்கு, எல்லாம் குறையில்லாமல் இருந்தது. மனசுதான் ஒரு இடத்தில் இல்லை.

இந்தத் தொடருக்கு இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. பானுப்ரியாவை அண்ணன் வேங்கடேசனின் மகன் சித்தார்த்தனுக்குக் கொடுப்பது என்பது அவள் தொட்டிலில் கிடந்தபோதே பேசி வைத்த சங்கதி. மாமன் மகன், ஒரகடத்தில் கார் கம்பெனி வேலை. இரண்டு பேருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு ஆசையும் உண்டு. கலையின் அந்த போன் வரும்வரை எல்லாம் சுமுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கலை சென்னையில் பெருங்குடல் புற்றுநோயை ஆராய்ச்சி செய்கிறவள். அந்த நோய் சில குடும்பங்களில் மட்டும் தலைமுறை தலைமுறையாக ஏன் இறங்குகிறது என்பதைத் துருவிப் பார்ப்பதுதான் அவள் வேலை. அவர்கள் அப்பா வெங்கடாசலம் செத்ததும் அதே நோயில்தான். சொந்தத்துக்குள் கொடுக்கிற கல்யாணம் என்பதால் முன்கூட்டியே ஒரு பரிசோதனை செய்துவிடலாம் என்று கலை சொல்ல, இவள் போனை வைத்தாள். நாற்பது வயதாகியும் தனக்கு ஒரு கல்யாணம் செய்துகொள்ளாதவள் என் பெண்ணின் கல்யாணத்தில் கை வைக்கிறாள் என்பது கிருஷ்ணவேணியின் கட்சி.

உள்ளதைச் சொன்னால், அவளுக்குத் தங்கையின் மேல் பொறாமை. இன்று நேற்றுப் பொறாமை இல்லை. கலை பன்னிரண்டாவது படித்தபோது உயிரியல் ரெக்கார்டு நோட்டில் அத்தனை படத்தையும் போட்டுக் கொடுத்தவள் கிருஷ்ணவேணி. பிரசவத்துக்கு வந்திருந்தவள், கைக்குழந்தை பானுவை மடியில் போட்டுக்கொண்டே தவளையின் குடலும் மனுஷக் குடலுமாக வரைந்து தள்ளினாள். இருபதுக்கு இருபது வந்தது. அப்பா அந்த நோட்டை ஊரெல்லாம் காட்டி, எங் கலை போட்டது என்றார். கலையும் ஆமாம் என்று நின்றாள்.

அது போகட்டும். அப்பாவுக்கு அறுவை செய்து வயிற்றில் மலம் சேருகிற பை வைத்தார்களே, அந்தப் பையை இரண்டரை வருஷம் மாற்றினது யார்? விழுப்புரத்து வீட்டில், இந்தக் கையால், ஒரு நாளைக்கு இரண்டு தடவை, சில நாள் நாலு தடவை. கலை மாதத்துக்கு ஒருமுறை வந்து கட்டிலோரம் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசிவிட்டுப் போவாள். அவள் வருகிற நாளில் அப்பா முகச்சவரம் செய்துவிடச் சொல்வார். கிருஷ்ணவேணிக்காக ஒரு நாளும் அவர் சவரம் செய்துகொண்டதில்லை.

பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டும்போது அடிவயிற்றில் அந்தப் பிடிப்பு வந்தது. கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆடி மாதத்திலிருந்தே இப்படித்தான். வெளிக்குப் போனால் ரத்தம். முதலில் சொட்டு, பிறகு அடிக்கடி. மூலம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு நாட்டு மருந்துக் கடையில் லேகியம் வாங்கி, அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்துத் தின்றுகொண்டிருக்கிறாள். அப்பாவும் முதல் எட்டு மாதம் மூலம் என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததனால்தான் யாரிடமும் சொல்லவில்லை. தை பிறக்கட்டும், கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாள். அதைவிட, கலையிடம் போய் நோயாளியாக நிற்பதற்கு அவள் தயாராக இல்லை.

---

திண்டிவனத்தில் அண்ணனுக்கு உரக்கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. உள்ளே நுழைந்ததும் கூடத்துச் சுவரில் அப்பா படம். அதற்குக் கீழே, போன மாதம் பேப்பரில் வந்த கலையின் பேட்டியை வெட்டி லேமினேஷன் போட்டு மாட்டியிருந்தார்கள். 'அப்பாவைப் பறித்த நோயைத் துரத்தும் மகள்.'

அந்தப் பேட்டியைக் கிருஷ்ணவேணி ஏற்கெனவே ஏழெட்டுத் தடவை படித்திருந்தாள். 'நோயுற்ற தந்தையைக் குடும்பத்தினர் கவனித்துக்கொண்டனர்' என்று ஒரு வரி வருகிறது. அந்தக் 'குடும்பத்தினர்' என்ற சொல்லுக்குள் எந்த மூலையில் தன்னை உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு தடவையும் தேடுவாள்.

கலை முன்னாலேயே வந்திருந்தாள். மின்விசிறிக்கு நேர் கீழே அவளுக்கு நாற்காலி. டவரா டம்ளரில் காபி. மண்டகப்பட்டிலிருந்து வாக்கப்பட்டு வந்த அண்ணி அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டு, சர்க்கரை போதுமா என்று இரண்டாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கிருஷ்ணவேணியைப் பார்த்ததும் வா வேணி என்றாள். நாற்காலி வரவில்லை. பாய் வந்தது. சம்பந்தியாகப் போகிறவளுக்குப் பாய்.

"எங்களுக்கு முன்னாடியே வந்துட்டியா சித்தி?" என்று பானு போய் கலையைக் கட்டிக்கொண்டாள். பெற்ற பெண்ணும் அந்தப் பக்கம்தான். கிருஷ்ணவேணி கூடையைச் சத்தம் வருகிற மாதிரி கீழே வைத்தாள்.

கேசரி தயாராக இருந்தது. பெருமுக்கல் நிலத்திலிருந்து வந்த மல்லாட்டைக் கடலையை அவித்து முறத்தில் கொட்டி வைத்திருந்தார்கள். ராஜாமணி ஒரு கை அள்ளப் போனார். கலை அவரைத் தடுக்கவில்லை. ஆனால் அண்ணனும் அண்ணியும் அக்காவும் மட்டும் அரை மணி நேரம் எதுவும் வாயில் போடக் கூடாது என்றாள். எச்சில் எடுக்க வேண்டுமாம்.

நல்ல காரியத்துக்கு வந்த வீட்டில் எச்சிலா என்று அண்ணி முகம் சுளித்தாள். வேங்கடேசன்தான், "புள்ள அவ்ளோ தூரத்துலேர்ந்து டப்பாவைத் தூக்கிக்கினு வந்துக்குது, இன்னான்னு கேப்போம்" என்று எல்லாரையும் உட்கார வைத்தார்.

கலை ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் விரித்தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். செத்துப் போனவர் மேல் ஒரு சாய்கோடு. இந்த நோய் வந்தவருக்கு உள்ளே முழுக்கக் கறுப்பு. மேலே அப்பாவின் சதுரம் கறுப்பாக இருந்தது. அதிலிருந்து மூன்று கோடு இறங்கி அண்ணன், கிருஷ்ணவேணி, கலை. வட்டமெல்லாம் கோணல். பார்க்கப் பார்க்கக் கிருஷ்ணவேணிக்குக் கை பரபரத்தது. நாற்பது வயதிலும் இவளுக்கு ஒரு வட்டம் ஒழுங்காகப் போட வரவில்லை.

கலை விளக்கினாள். நம் உடம்பு ராத்திரி பகல் பார்க்காமல் தன்னைத்தானே நகல் எடுத்துக்கொண்டிருக்கிறது. நகல் எடுத்தால் பிழை வரும். அதைத் திருத்துவதற்கென்று உள்ளேயே ஆள் உண்டு. (இந்தப் பத்திரிகையிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். அவர் ஒரு வாரம் லீவு போட்டால் இந்தக் கதை என்ன கதியாகும் என்று எனக்குத் தெரியும்.) அந்தத் திருத்துகிற ஆளை அம்மா ஒன்று, அப்பா ஒன்று என இரண்டாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். சில குடும்பத்தில் அதில் ஒன்று வேலை செய்யாத ஆளாக வந்துவிடும். மிச்சமிருக்கிற ஒருவரை வைத்துப் பாதி ஆயுசு ஓடும். எங்கோ ஒரு மூலையில் அவரும் படுத்துவிட்டால் அங்கே கட்டி. முக்கியமாகக் குடலில். பெண்களுக்குக் கர்ப்பப்பையிலும்.

"அப்பாகிட்டேர்ந்து நமக்கு அது வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம்" என்றாள் கலை. "அப்பா கூடப் பொறந்தவங்கள்ல வேற யாருக்காவது வந்துச்சான்னுதான் எனக்குத் தெரியல. வீரம்மாள் அத்தை மஞ்சக்காமாலையில போனாங்கன்னு சொல்வாங்க."

இங்கேதான் கிருஷ்ணவேணி வாயைக் கொடுத்தாள். கலைக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்கிற நேரம் அவள் வாழ்க்கையில் அடிக்கடி வருவதில்லை.

"மஞ்சக்காமாலையுமில்ல ஒண்ணுமில்ல" என்றாள். "கர்ப்பப்பையில புத்து. நாப்பத்தோரு வயசு. மூணு பொண்ணுங்களை வச்சிக்கினு வெளிய சொல்ல முடியுமா, அதான் காமாலைன்னு சொல்லி வச்சாங்க. ஜிப்மர்ல பக்கத்துல படுத்துக்கினு இருந்தவ நான்."

கலை பேனாவை எடுத்து அத்தையின் வட்டத்தை நிதானமாகக் கறுப்பாக்கினாள். பத்து வருஷமா இதைத்தான் தேடினேன்க்கா என்றாள். ஒரு நிமிஷம் கிருஷ்ணவேணிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த நிமிஷம்தான் தாளைப் பார்த்தாள். அப்பா கறுப்பு, அத்தை கறுப்பு. அதற்கு நேர் கீழே தன் வட்டம். தன் வாயாலேயே ஒரு சாட்சியை ஏற்றி விட்டிருந்தாள்.

கீழ் வரிசையில் பானுவின் வட்டத்துக்கும் சித்தார்த்தனின் சதுரத்துக்கும் நடுவே கலை பென்சிலால் இரண்டு கோடு போட்டிருந்தாள். மற்ற தம்பதிகளுக்கு ஒற்றைக் கோடு, இவர்களுக்கு மட்டும் ஏன் இரட்டை என்று ராஜாமணி கேட்டார். சொந்தத்துக்குள் கட்டினால் இரட்டைக் கோடு போடுவது வழக்கம் என்று கலை சொன்னாள். இரண்டு பேரிடமும் அதே கோளாறு இருந்து, பிறக்கிற குழந்தைக்கு இரண்டு பக்கமும் கெட்ட ஆளே போய்ச் சேர்ந்தால், சின்ன வயதிலேயே நோய் வரும். நாலில் ஒரு குழந்தைக்கு அப்படி ஆகலாம்.

வேங்கடேசன் தாளிலிருந்து நிமிர்ந்தார். "அப்போ கல்யாணம் வேணாங்கிறியாம்மா?" என்றார்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லண்ணா. உனக்கோ அக்காவுக்கோ, ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இல்லைன்னு வந்துட்டாக்கூட போதும். தாராளமா பண்ணலாம். ரெண்டு பேருக்கும் இருந்தாலும் பசங்களை டெஸ்ட் பண்ணிட்டு என்ன வழின்னு பார்க்கலாம். தெரிஞ்சிக்கினு பண்ணுங்கன்னுதான் சொல்றேன்."

சென்னைக்காரி பேச்சில் ஊர்ப் பேச்சு 'தெரிஞ்சிக்கினு' வந்துவிட்டது. அவள் பதட்டமாக இருக்கிறாள் என்பது அக்காக்காரிக்கு அதிலேயே தெரிந்தது. ஏன் என்றுதான் தெரியவில்லை. மறுபடியும் தாளைப் பார்த்தாள். கலையின் வட்டத்துக்கு நடுவில் சின்னதாக ஒரு புள்ளி.

"இது இன்னா புள்ளி?"

கலை பேனாவை மூடி வைத்தாள்.

"எனக்கு இருக்குதுக்கா. அப்பாகிட்டேர்ந்து வந்தது. பன்னண்டு வருஷமாத் தெரியும். வருஷா வருஷம் குழாய் விட்டுப் பார்த்துக்கறேன். ரெண்டு தடவை மரு மாதிரி இருந்ததை எடுத்துட்டாங்க. நோயா மாறல."

அவ்வளவுதான். அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். வேங்கடேசன் எழுந்து வந்து தங்கையின் தலையில் கை வைத்தார். பானு அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அதனாலதான் கல்யாணம் பண்ணிக்கலையா சித்தி என்று கேட்டது. ராஜாமணி மல்லாட்டையை முறத்திலேயே போட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

கிருஷ்ணவேணிக்கும் துக்கம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் துக்கத்துக்கு முன்னால் வேறொன்று வந்து நின்றுவிட்டது. அப்பாவிடமிருந்து அதையும் இவளே வாங்கிக்கொண்டாளா? ஊர் மெச்சுகிற புத்தியும் இவளுக்கு, ஊர் இரங்குகிற நோயும் இவளுக்கா?

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"அப்பாகிட்டதான் முதல்ல சொன்னேன்" என்றாள் கலை. "சத்தியம் வாங்கிட்டாரு. பானு கல்யாணம் முடியுற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு. அதான் உங்களை எல்லாம் வருஷா வருஷம் ஒரு தடவை குடலைப் பார்த்துக்கோங்கன்னு மட்டும் சொல்லிக்கினு இருந்தேன். நீங்க யாரும் கேக்கல. நான் வெளிப்படையா சொல்லாததும் தப்புதான். இப்போ சொந்தத்துலயே நாள் குறிக்கப் போறீங்கன்னதும் என்னால முடியல."

கட்டிலோரம் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு இதைத்தான் பேசினார்களா? பையை மாற்றி, கழுவி, புண்ணுக்குப் பவுடர் போட்டு, பக்கத்து அறையில் நின்றவளுக்கு ஒரு வார்த்தை இல்லை. அப்பாவின் உடம்பு முழுக்கத் தனக்குத் தெரியும் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாளே, அந்த ஒரு பெருமையும் போயிற்று. கிருஷ்ணவேணிக்குக் காதெல்லாம் சூடாக எரிந்தது.

அந்த எரிச்சலோடுதான் அவள் எழுந்தாள். இதற்குப் பிறகு அவள் செய்ததை நான் நியாயப்படுத்தப் போவதில்லை.

---

கலை டப்பாவைத் திறந்து மூன்று பிளாஸ்டிக் குப்பிகளை எடுத்தாள். ஒவ்வொன்றிலும் எண் ஒட்டியிருந்தது. இரண்டாம் எண் அண்ணனுக்கு, மூன்றாம் எண் அக்காவுக்கு, நாலாம் எண் அண்ணிக்கு; ஒன்றாம் எண் கலையுடையது. அண்ணி வெளியிலிருந்து வந்தவள், இந்தக் குடும்பத்து ரத்தம் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க அப்படி ஒருவர் வேண்டும் என்றாள். சொந்தக் குடும்பம் என்பதால் அவள் எதையும் தொட்டுப் பார்க்க மாட்டாளாம். எண்ணை மட்டும் பார்த்து வேறொரு டாக்டர் சோதிப்பாராம். பெயர் அவருக்குத் தெரியாது. அதுதான் அவர்கள் வேலை செய்கிற முறை.

சாமி படம் இருக்கிற கூடத்தில் துப்ப முடியாது என்று அண்ணி பின்கட்டுக்குக் கிளம்பினாள். "குடு, அண்ணிக்கு நான் குடுத்துக்கறேன்" என்று கிருஷ்ணவேணி கலையிடமிருந்து இரண்டு குப்பிகளையும் வாங்கிக்கொண்டாள்.

துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அண்ணி நின்றாள். கண்ணாடி போட்டிருக்கவில்லை. கிருஷ்ணவேணி வலது கையில் இருந்ததை நீட்டினாள். அது மூன்று. தன் கையில் நாலை வைத்துக்கொண்டாள்.

கோடு வரைக்கும் நிரம்ப வேண்டும். அண்ணிக்கு வாய் உலர்ந்து போயிருந்தது. எதிரில் எலுமிச்சங்காய் இருப்பதாக நினைத்துக்கோ என்று கிருஷ்ணவேணி சொல்லிக் கொடுத்தாள். இரண்டு பேரும் மாற்றி மாற்றித் துப்பினார்கள். அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிருஷ்ணவேணியும் சிரித்தாள்.

மூன்றாம் எண் சுத்தமாக வரும். கல்யாணம் நடக்கும். நாலாம் எண்ணில் என்ன வந்தாலும், அது ஒப்பிடுவதற்கு எடுத்ததுதானே, தூக்கிப் போட்டுவிடுவார்கள். தன் உடம்பில் என்ன ஓடுகிறது என்பதை அறிந்துகொள்ளும் உரிமை கலைக்கு இல்லை. அப்பாவின் ரகசியத்தை அவள் வைத்துக்கொள்ளட்டும். இது எனக்கு என்று நினைத்தாள். குப்பிகளை மூடி, கழுவி, அவளே கொண்டுபோய் டப்பாவில் வைத்தாள்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பஞ்சாங்கம் வந்தது. கார்த்திகையில் நிச்சயம், தையில் கல்யாணம். வெற்றிலைத் தட்டு கை மாறியது. கேசரி ஆறிப் போயிருந்தாலும் எல்லாரும் சாப்பிட்டார்கள். வேங்கடேசன் மகனுக்கு வீடியோ கால் போட்டுக் காட்ட, சித்தார்த்தன் வெட்கப்பட்டான். கிருஷ்ணவேணி நினைத்தது நடந்துவிட்டது. தன் தட்டுக் கேசரியை மட்டும் ராஜாமணியின் தட்டில் தள்ளிவிட்டாள்.

தட்டுகளைச் சமையலறைக்கு எடுத்துப் போனவள் கதவருகே நின்றாள். உள்ளே பானுவும் கலையும்.

"சித்தி, நானும் டெஸ்ட் குடுத்துடட்டுமா? ஒரே வேலையா முடிஞ்சிடும்."

"உனக்கு இப்போ வேணாம்டா. அம்மாவோடது சுத்தமா வந்துட்டா உனக்கு அது வர்றதுக்கு வழியே இல்ல. அப்புறம் நீ டெஸ்ட்டும் பண்ண வேணாம், என்னை மாதிரி வருஷா வருஷம் குழாயும் விட்டுக்க வேணாம். ஆயுசுக்கும் நிம்மதியா இருக்கலாம்."

பானு பெருமூச்சு விட்டதும், தேங்க்ஸ் சித்தி என்றதும் கிருஷ்ணவேணிக்குக் கேட்டது. கையில் இருந்த தட்டுகள் கனத்தன.

ஆயுசுக்கும். அதாவது பானுவுக்கு முப்பதாகும், நாற்பதாகும். ஒரு நாள் ரத்தம் வரும். எனக்குத்தான் வராதே, சித்தி சொன்னாங்களே, மூலமாக இருக்கும் என்று அதுவும் ஒரு லேகியத்தை வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் வைக்கும்.

---

கலையைப் பஸ் ஏற்றிவிட அண்ணன் வண்டியை எடுத்தார். நான் போறேன் என்று கிருஷ்ணவேணி கூடையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டாள். தட்டு மாற்றிய கையோடு பெண்ணைப் பெற்றவள் எங்கே ஓடுகிறாள் என்று அண்ணிக்கு ஆச்சரியம். கலைக்கோ முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அக்கா ஒன்பது நாள் கழித்துப் பேசப் போகிறாள் என்று நினைத்தாள்.

ஆட்டோவில் டப்பா இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. கலைதான் பேசினாள். வீரம்மாள் அத்தை விஷயம் எவ்வளவு பெரிய உதவி என்றாள். இந்த மாதிரி குடும்பத்து விவரமெல்லாம் எந்த லேபிலும் கிடைக்காது, நீ இருந்ததாலதான்க்கா என்றாள். நேற்று சொல்லியிருந்தால் கிருஷ்ணவேணி அதை ஒரு மாதத்துக்கு வைத்துத் தின்றிருப்பாள்.

பஸ் ஸ்டாண்டில் சென்னை வண்டி தயாராக நின்றது. கலை ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். கண்டக்டர் ஜல்தி ஜல்தி என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். என்ஜின் உறுமியது.

சொல்லாவிட்டால் என்ன? வண்டி போய்விடும். தை பிறக்கும். பெண் மாலையும் கழுத்துமாக நிற்கும். சொன்னால், இந்தத் தடவையும் கலைதான் சரி, கலைதான் ஒழுங்கு, வேணிதான் திருட்டுத்தனம் செய்தவள். அந்த நேரத்திலும் அவளுக்கு அதுதான் குறுக்கே வந்தது. வண்டி ஓரடி நகர்ந்தது.

"கலை, கீழ எறங்கு."

"என்னக்கா?"

"எறங்குடி. மூணாம் நம்பர் டியூப் என்னுது இல்ல. அண்ணியோடது. நான்தான் மாத்திக் குடுத்தேன்."

கலை டப்பாவோடு இறங்கினாள். கண்டக்டர் இரண்டு பேரையும் திட்டிவிட்டு விசில் கொடுத்தார். வண்டி போய்விட்டது. கிருஷ்ணவேணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டுவாள், அழுவாள், அண்ணனுக்குப் போன் போடுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள்.

கலை சிரித்துவிட்டாள். "எப்படியும் கண்டுபிடிச்சிருப்பாங்கக்கா. அந்த நாலாம் நம்பரைப் பார்த்துட்டு, அண்ணனும் அண்ணியும் கூடப் பொறந்தவங்கன்னு ரிப்போர்ட் வந்திருக்கும்."

கிருஷ்ணவேணிக்கும் உதடு துடித்தது. ஆனால் கலையின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்கிற ஒன்றுக்காக யாரும் குப்பியை மாற்றமாட்டார்கள். தெரிந்தவர்கள்தான் மாற்றுவார்கள்.

டப்பாவைக் கீழே வைத்தாள். அக்காவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கட்டைவிரலால் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். ரத்தச் சிவப்பு இருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது.

"எத்தனை மாசமாக்கா?"

மூலம்டி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. கலையின் கை இன்னும் கன்னத்தில் இருந்தது.

"ஆடியிலேர்ந்து" என்றாள் கிருஷ்ணவேணி. சொன்னதும் அவளுக்கே அது பெரிதாகக் கேட்டது. சட்டென்று தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கே நீ சொல்ற எடத்துக்கு வர்றேன். இன்னா டெஸ்ட்டு வேணாலும் எடு. பானுகிட்ட மட்டும் சொல்லாத. கல்யாணம் முடியுற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணு."

கலை அவளையே பார்த்தாள்.

"அப்பாவும் இதையேதான்க்கா சொன்னாரு. இதே மாதிரி கையைப் பிடிச்சிக்கினு."

அப்பாவின் கட்டிலோரத்தில் தனக்குக் கிடைக்காமல் போனது இந்தச் சத்தியத்தின் பாரம்தான் என்று கிருஷ்ணவேணிக்கு இப்போது தெரிந்தது. பிடித்த பிடியை அவளால் விடவும் முடியவில்லை.

"அவருக்குப் பண்ணிக் குடுத்தேன்" என்றாள் கலை. "உனக்குப் பண்ண மாட்டேன்."

கூடைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். பானு. அம்மா எங்கே போய்விட்டாள் என்று தேடுகிறது. கலை போனுக்காகக் கையை நீட்டினாள். கிருஷ்ணவேணி கொடுக்கவுமில்லை, அணைக்கவுமில்லை. போன் அவள் கையில் அடித்துக்கொண்டே இருந்தது.